அரை மில்லிமீட்டர் நாளத்தைத் தேடி: நிணநீர் வீக்கத்துக்கான அல்ட்ராசவுண்ட் பரிசோதனை, படிப்படியாக

கை கால்களின் தோலடிக் கொழுப்பில் ஓடும் நிணநீர் நாளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். நன்றாகப் பெருத்திருந்தால் ஒரு மில்லிமீட்டர். உள்ளே இருப்பது தெளிந்த நீர், அது நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் போகும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போட்டால் திரையில் நிறம் எதுவும் வராது. சுற்றிலும் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பும் சிரை, உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு, கொழுப்பைப் பிரிக்கும் தடுப்புகள் என்று ஏறக்குறைய அதே அளவில், அதே சாயலில் பல பொருட்கள். இவற்றுக்கு நடுவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். "நிணநீர் நாளமெல்லாம் அல்ட்ராசவுண்டில் தெரியாது" என்றுதான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். தெரியும். ஆனால் இதுதான் என்று நேராகக் காட்டும் அடையாளம் கிடையாது. இது சிரை இல்லை, இது நரம்பு இல்லை, இது வெறும் நீர்க்கோடு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் நாளம். கழிக்கிற வேலையைத்தான் இங்கே விரிவாக எழுதப் போகிறேன்.

ஒரு பழைய கதை இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. 1622-ல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர் ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை இழைகளைப் பார்த்தார். நரம்பு என்றுதான் நினைத்தார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற திரவம் வந்தது. அடுத்து இன்னொரு நாயில் தேடினால் ஒன்றையும் காணோம். முதல் நாய் வயிறாரத் தின்றிருந்தது, இரண்டாவது நாய் தின்னவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நிரம்பியிருக்கும் நாளம் கண்ணில் படும், காலியானது படாது. நரம்பு என்று அவர் முதலில் தடுமாறியதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தடுமாற்றம் நமக்கும் வரும்.

இந்தப் பரிசோதனையிடம் எதைக் கேட்கலாம்

நிணநீர் சரியாக வடியாமல் தேங்கிக் கை கால் வீங்குவதுதான் நிணநீர் வீக்கம். அதை உறுதிசெய்ய வேறு வழிகள் உண்டு. கதிரியக்க டெக்னீசியம் கலந்த மருந்தைத் தோலடியில் செலுத்திக் காமா கேமராவில் பார்க்கும் லிம்போசிண்டிகிராஃபி, முழுக் காலிலும் நிணநீர் எப்படிப் போகிறது என்று காட்டும். ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தை ஊசியில் போட்டு அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் நாளங்கள் ஒளிரும் கோடுகளாகத் தெரியும். ஆனால் ஐசிஜியின் வெளிச்சம் சுமார் 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் வெளியே வராது. நோய் முற்றியவர்களுக்குச் சாயம் தோலுக்குள் கசிந்து மேகம் போலப் பரவிவிடும். அதன் அடியில் நல்ல நாளம் இருந்தாலும் மறைந்துபோகும்.

அல்ட்ராசவுண்டின் மதிப்பு அந்த மேகத்தின் அடியில்தான். நாளம் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்தில் எந்தச் சிரை ஓடுகிறது என்று காட்டும். ஊசி, கதிர்வீச்சு எதுவும் வேண்டாம், வெறும் வயிற்றோடு வரவும் வேண்டாம். முழுக் காலின் ஓட்டத்தை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் மட்டும் அதனால் முடியாது. ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைக்காமல், சேர்த்துப் பயன்படுத்துவதே சரி.

கருவியும் அமைப்பும்

புரோப் என்பது தோல்மேல் வைக்கும் கருவிமுனை. வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த புரோப்பை எடுத்து வைத்துவிடுங்கள். நேரான முகம் கொண்ட லீனியர் புரோப்தான் வேண்டும், அதிர்வெண் குறைந்தது 15 மெகாஹெர்ட்ஸ். 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேலை எளிது. 48, 70 மெகாஹெர்ட்ஸ் கொண்ட அதி உயர் அதிர்வெண் கருவிகளும் வந்துவிட்டன. 70-ல் ஏறக்குறைய 30 மைக்ரான் நுணுக்கம் கிடைக்கும், நாளச் சுவர் தடித்திருக்கிறதா என்பதுகூடத் தெரியும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. பருத்த தொடையில் நாளம் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அந்த விலையுயர்ந்த புரோப்பால் பயனில்லை, பழைய 15-தான் கைகொடுக்கும்.

ஆழத்தை 2 முதல் 3 செ.மீ. என்று வையுங்கள். ஃபோகஸ் தோலடிக் கொழுப்பின் நடுவில் இருக்கட்டும். சாம்பல் நிறப் படிகளைக் கட்டுப்படுத்தும் டைனமிக் ரேஞ்சைச் சற்றுக் குறைத்தால் கறுப்பும் வெளுப்பும் பிரிந்து தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம் கலர் டாப்ளரின் வேக அளவு. அதை நொடிக்கு 2 முதல் 5 செ.மீ. வரை இறக்கி, மெதுவான அசைவுகளை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரையும் குறைத்துவிடுங்கள். அளவு மேலே இருந்தால் மெதுவாக ஓடும் சிறு சிரைகூட நிறம் காட்டாது. உடனே அதற்கு நிணநீர் நாளம் என்று பெயர் வைத்துவிடுவோம். நானே வைத்திருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வரும்.

நோயாளியைத் தயார் செய்தல்

அழுத்தக் காலுறையோ பேண்டேஜோ போட்டிருந்தால் எப்போது கழற்றினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய அடுத்த நிமிடமும் நான்கு மணி நேரம் கழித்தும் எடுக்கும் படங்கள் ஒன்றாக இருக்காது. காலையும் மாலையும் அப்படித்தான். தொடர் பரிசோதனை என்றால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரம், அதே இடைவெளி. அறை குளிராக இருந்தால் சிரைகள் சுருங்கிவிடும், அடையாளம் காண்பது கடினமாகும்.

பிறகு கேள்விகள். புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்ததா, நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்களா, கதிர்வீச்சு உண்டா, வீக்கம் ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எத்தனை முறை சிவந்து காய்ச்சல் வந்தது. இப்போதே தோல் சிவந்து சுட்டால் அளவெடுப்பதை ஒத்திப்போடுங்கள். தொற்றுக்கு முதலில் மருந்து. அந்த வேளையில் எடுத்த அளவுகள் எதற்கும் ஒப்பிடப் பயன்படாது. நீர் கசியும் தோல் என்றால் புரோப்புக்கு உறை போட மறக்க வேண்டாம்.

ஜெல்லில் சிக்கனம் கூடாது. தோலுக்கும் புரோப்புக்கும் நடுவில் கறுப்புப் பட்டையாக ஜெல் திரையில் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் நீங்கள் அழுத்தவில்லை என்று அர்த்தம். கையின் சுண்டுவிரல் பக்கத்தை நோயாளியின் உடல்மேல் ஊன்றிக்கொண்டால் புரோப்பை மிதக்கவிடுவது எளிது. இதைக் கற்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. வயிற்று ஸ்கேனில் அழுத்திப் பழகிய கை சுலபத்தில் கேட்காது.

முதல் படி: வேறு காரணம் இருக்கிறதா

நாளத்தைத் தேடும் ஆர்வத்தில் இதைத் தாண்டிப் போகக் கூடாது. கால் வீங்கியவருக்கு முதலில் தொடைச் சிரையையும் முழங்கால் மடிப்பின் பின்னுள்ள சிரையையும் அழுத்திப் பாருங்கள். முழுதாக அமுங்கினால் அந்த இடத்தில் ரத்தக் கட்டி இல்லை. அமுங்கவில்லை என்றால் ரத்தக் கட்டி இருக்கலாம். பரிசோதனையை அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்து, சிரையில் ரத்தம் பின்னோக்கி வழிகிறதா: மேற்புறச் சிரைகளில் அரை நொடிக்கு மேலும், தொடை, முழங்கால் ஆழ்சிரைகளில் ஒரு நொடிக்கு மேலும் வழிந்தால் அது கோளாறு.

பிறகு இடுப்புக் கவட்டை, அக்குள் முடிச்சுகள். சாதாரண முடிச்சு நீள்வட்டமாக, நடுவில் வெளுத்த கொழுப்போடு இருக்கும். உருண்டு திரண்டு, நடு வெளுப்பு காணாமல் போயிருந்தால் யோசிக்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் அமைதியாக இருந்த கை திடீரென்று வீங்கினால், நோய் திரும்பியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு கால்களும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் பார்வை போகட்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பருத்து, பாதம் மட்டும் ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கு லிப்பெடீமா என்ற கொழுப்புக் கோளாறு இருக்கலாம். அங்கே கொழுப்பு தடித்திருக்கும், நீர் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாம் படி: கொழுப்பை வாசித்தல்

நாளத்துக்குப் போகும் முன் அது குடியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கைக்கு முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. காலுக்குக் கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ், தொடை நடு என்று புள்ளிகள் வைத்து, டேப்பால் அளந்து குறியுங்கள். நல்ல பக்கத்திலும் அதே புள்ளிகள். ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மேலிருந்து கீழே: வெளுத்த பட்டையாகத் தோல், கறுத்த மேடுகளும் மெல்லிய வெள்ளைக் கோடுகளுமாகக் கொழுப்பு, அதன் நடுவில் சற்றே தெளிவான ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் மேல் ஃபேசியா என்ற மெல்லிய திசு உறை. அதைக் கண்டுபிடித்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியே அதை நம்பித்தான். அதற்கும் கீழே மறுபடி கொழுப்பு, பிறகு ஆழ் ஃபேசியா, தசை.

நிணநீர் தேங்கினால் முதலில் தோல் தடிக்கும், தோலுக்கும் கொழுப்புக்கும் இடையிலுள்ள எல்லை மங்கும். கொழுப்பு வெளுக்கத் தொடங்கும். அப்புறம் கொழுப்பு மேடுகளுக்கு நடுவில் கறுப்புப் பிளவுகள் வரும். காய்ந்த ஏரிப் படுகையின் வெடிப்புகள் மாதிரி இருக்கும். இவற்றை அளவிட ஜப்பானிய மருத்துவர் சுயேஹிரோவின் குழு வகுத்த இரண்டு எளிய படிநிலைகள் எனக்குப் பிடிக்கும். வெளுப்பு இல்லையென்றால் 0. வெளுத்திருந்தும் உள்ளே இருக்கும் திசுக்கோடுகள் தெரிந்தால் 1. கோடுகளே கரைந்துவிட்டால் 2. பிளவுகளுக்கும் அப்படியே: இல்லை என்றால் 0, தோலுக்கு இணையாகக் கிடைமட்டமாக மட்டும் இருந்தால் 1, செங்குத்தான பிளவுகளும் சேர்ந்து வலைப்பின்னலானால் 2.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கறுப்புப் பிளவு என்றால் நீர் என்று அர்த்தம், நிணநீர் நோய் என்று அர்த்தமில்லை. இதயம் பலவீனமானவர் காலிலும் இதே படம் வரும். இரண்டாவது, பிளவு குறைந்துவிட்டதால் நோய் குறைந்தது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. உலக நிணநீரியல் சங்கம் வீக்கத்தை 0 முதல் 3 வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஒன்றாம் நிலையில் காலைத் தூக்கி வைத்தால் வடியும், இரண்டில் அது மட்டும் போதாது. மூன்றில் தோல் கெட்டிப்பட்டுக் கொழுப்பும் நாரும் சேர்ந்துவிடும். அந்த நிலையில் நீர் குறைவாகவும் வெளுப்பு அதிகமாகவும் இருக்கலாம். நீரைப் பேண்டேஜ் வடிக்கும், கொழுப்பையும் நாரையும் வடிக்காது. எவ்வளவு நீர், எவ்வளவு கெட்டி என்று பிரித்துச் சொல்வதுதான் சிகிச்சை தருபவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

மூன்றாம் படி: நாளத்தைத் தேடுதல்

காலில் தொடங்க நல்ல இடம் உட்புறம். கணுக்காலின் உள் எலும்புக்கு முன்னால் ஏறும் பெரிய சஃபீனஸ் சிரையைப் பிடியுங்கள். நிணநீர் நாளங்களின் முக்கியக் கூட்டம் இந்தச் சிரையை ஒட்டியே ஏறுகிறது. கையில் முன்கையின் உட்புறத்தில் பேசிலிக் சிரையையும் வெளிப்புறத்தில் செஃபாலிக் சிரையையும் வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

புரோப்பைக் குறுக்காக வையுங்கள். நீளவாக்கில் வைத்துத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான். சிரையிலிருந்து இரு பக்கமும் சில சென்டிமீட்டர், நத்தை வேகத்தில் நகர்த்துங்கள். பார்வை, மேல் ஃபேசியாவுக்குக் கீழேயே இருக்கட்டும். தேடுவது ஒரு சிறு கறுப்பு வட்டம். அழகான வட்டம் இல்லை, கசங்கிய வளையம் போல ஓரம் கோணலாக இருக்கும்.

கிடைத்ததா? சரி, இனிக் கழித்தல். ஜப்பானைச் சேர்ந்த ஹிசாகோ ஹாராவும் மக்கோட்டோ மிஹாராவும் இதற்கு டி-கப்ஸ் என்று ஐந்து சோதனைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, சோதனைகளை மறக்கக் கூடாது.

டாப்ளர் போடுங்கள். நிறம் வந்தால் அது ரத்தக்குழாய். வராவிட்டால் பாதத்தை, அல்லது கையில் என்றால் உள்ளங்கையை, மெதுவாகப் பிசையுங்கள். சிறு சிரையாக இருந்தால் ஒரு நொடி நிறம் மின்னும். நான் சறுக்கியது இங்கேதான். தொடக்கக் காலத்தில் ஒரு முன்கையில் நிறமே வராத அழகான வட்டம் ஒன்றைப் பிடித்து, மார்க்கரால் நீளமாகக் கோடும் போட்டுவிட்டேன். அறுவை சிகிச்சையில் திறந்தபோது அது சிரை. வேக அளவை இறக்கவில்லை, கையைப் பிசையவில்லை. இரண்டு தவறும் என்னுடையவை.

அடுத்து, குறுக்கே போகிறதா என்று பாருங்கள். சிரையும் நிணநீர் நாளமும் சந்திக்கும் இடத்தில் நாளம் மேலேயோ கீழேயோ கடந்துபோய்விடும். சிரைக்குள் போய்ச் சேர்ந்தால் அது கிளைச் சிரை. ஆகவே சந்தேகமான வட்டத்தைச் சிரை வரைக்கும் விடாமல் துரத்துங்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சோதனை இதுதான்.

மூன்றாவது, அமுக்கிப் பார்ப்பது. மெதுவாக அழுத்தினால் சிரை முதலில் சப்பிப் போகும், நிணநீர் நாளம் அவ்வளவு சுலபத்தில் அமுங்காது. கூடவே இருக்கும் சிரையோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொல்ல முடியும். நான்காவது, இணையாக ஓடுவது. நிணநீர் நாளங்கள் பெரும்பாலும் கூட்டமாக, ஒன்றுக்கு ஒன்று பக்கத்தில் போகும். ஒன்று கிடைத்தால் அருகிலேயே இன்னொன்றைத் தேடலாம். ஐந்தாவது, மேல் ஃபேசியாவுக்கு அடியில் இருப்பது, முன்பே சொன்னதுதான்.

நரம்பு இந்த ஐந்தில் பலவற்றைத் தாண்டிவிடும் என்பதால் தனியாகச் சொல்கிறேன். (ரத்தம் ஓடும் குழாயையும் பேச்சில் நரம்பு என்றே சொல்வோம். இங்கே சொல்வது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பை.) அதற்கும் நிறம் வராது, அதுவும் அமுங்காது. முழங்காலுக்குக் கீழே சஃபீனஸ் நரம்பு அதே பெயருள்ள சிரையின் பக்கத்திலேயே ஓடும். ஆனால் குறுக்குவெட்டில் நரம்பு தேன்கூடு மாதிரி இருக்கும், வெளுப்புக்குள் கறுப்புப் புள்ளிகள். நாளத்தின் உள்ளே ஒரே சீரான கறுப்பு.

வீக்கம் அதிகமான காலில் இவற்றைவிடப் பெரிய தொல்லை, நாம் இரண்டாம் படியில் பார்த்த நீர்ப் பிளவுகள். குறுக்குவெட்டில் அவையும் கறுப்புதான். பிளவுக்குச் சுவர் கிடையாது, ஓரம் கூர்மையாக இருக்கும், இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தால் கரைந்துபோகும் அல்லது பலவாகப் பிரியும். நாளம் வட்டமாகவே தொடர்ந்து வரும். 5 முதல் 10 செ.மீ. வரை ஒரே வட்டத்தைத் தொடர முடிந்தால்தான் நான் நாளம் என்று எழுதுவேன். ஒரே ஒரு இடத்தில் தெரிந்ததை எழுத மாட்டேன். தொடர்ந்து பார்த்த பிறகு புரோப்பைத் திருப்பி நீளவாக்கில் ஒரு படம் எடுத்தால் போதும்.

நான்காம் படி: நாளத்தின் நிலை

நோய் முற்ற முற்ற நாளம் மாறும். முதலில் அழுத்தம் தாங்காமல் விரியும். பிறகு சுவர் தடித்து உள்வழி குறுகும். கடைசியில் உள்வழியே அடைபட்டு வெறும் நார்க்கயிறாகும். இயல்பானது, விரிந்தது, சுருங்கியது, இறுகியது என்ற இந்த நான்கு வகைப்பாடு நெக்ஸ்ட் என்ற பெயரில் புழங்குகிறது. திரையில் விரிந்த நாளம் நல்ல கறுப்பு வட்டம். சுருங்கியது தடித்த வெள்ளை வளையத்துக்குள் சிறு கறுப்புப் புள்ளி. இறுகியதில் கறுப்பே இருக்காது, அதைக் கொழுப்புத் தடுப்பிலிருந்து பிரித்துச் சொல்வது மிகக் கடினம். அசெல்லியின் நாய்க் கதைதான் மறுபடியும். கண்ணில் அதிகம் படுவது விரிந்த வகை. அதனால் அறிக்கையில் "நாளம் இல்லை" என்று ஒருபோதும் எழுதாதீர்கள், "தென்படவில்லை" என்று எழுதுங்கள்.

அறுவை சிகிச்சைக்குக் குறியிடுவது என்றால்

நிணநீர் நாளத்தைப் பக்கத்துச் சிறு சிரையோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைக்கும் சிகிச்சைக்கு எல்.வி.ஏ. என்று பெயர். அந்த மருத்துவருக்கு இரண்டு பொருட்கள் வேண்டும்: விரிந்த நாளம் ஒன்று, அதன் அருகிலேயே ஏறக்குறைய அதே அளவுள்ள, ரத்தம் பின்னோக்கி வழியாத சிரை ஒன்று. இரண்டும் ஒரே சிறு வெட்டுக்குள் அடங்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் தேடும் நேரம் மிச்சம். மேசையில் கால் எப்படி இருக்கப் போகிறதோ அதே நிலையில் வைத்துக் குறியிடுங்கள். பாதத்தைச் சற்றுத் திருப்பினாலே தோல் நகர்ந்து கோடு தப்பிப்போகும். புரோப் தோலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஜெல்லைத் துடைத்துவிட்டுத்தான் மார்க்கர் பிடிக்கும் என்பதால் முதலில் உறிஞ்சு குழலின் முனையால் அழுத்திப் பள்ளம் வைத்துக்கொண்டு, துடைத்தபின் கோடு போடுவது ஒரு கைவழக்கம்.

நுண்குமிழி முறை, அசையும் புழு

விரலிடுக்கில் தோலுக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் கொண்ட நுண்குமிழி மருந்தைச் செலுத்தி, அந்தக் குமிழிகளை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் முறையில் பார்த்தால் வேலை செய்யும் நாளம் வெள்ளைக் கோடாக எழும்பிவரும். கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்கும் சிரமம் இல்லை. ஆனால் அந்த மருந்துகள் ரத்தக்குழாயில் செலுத்தவே முதன்மையாக அனுமதி பெற்றவை. தோலில் செலுத்துவது பல நாடுகளில் அனுமதிக்கு வெளியே உள்ள பயன்பாடு, நோயாளியின் ஒப்புதலும் மருத்துவரின் பொறுப்பும் வேண்டும்.

யானைக்கால் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலின் ரெசிஃபியில் பணியாற்றிய குழு ஒன்று 1994-ல் ஆண்களின் விதைப்பை நிணநீர் நாளங்களுக்குள் அந்த நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுக்கள் உயிரோடு நெளிவதை அல்ட்ராசவுண்டில் காட்டியது. இதற்கு ஃபைலேரியா நடனம் என்றே பெயர். நாடித்துடிப்பைப் போலத் தாளம் இல்லாமல், ஒரே இடத்தில் சுழன்று சுழன்று அசையும். விரிந்த நாளத்துக்குள் இப்படி ஏதாவது நெளிந்தால் இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கால் முற்றிலும் பருத்துவிட்ட நிலையில் புழுவைக் காலில் தேடிப் பயனில்லை.

அறிக்கை

சிரைகள் சரியா, முடிச்சுகள் சரியா என்பது முதல் வரி. பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் தோல் தடிப்பு, கொழுப்புத் தடிப்பு, வெளுப்புப் படிநிலை, பிளவுப் படிநிலை, எதிர்ப்பக்க அளவோடு. நாளம் கண்ட இடங்கள், ஆழம், அகலம், வகை. புரோப்பின் அதிர்வெண், நோயாளி படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, அழுத்தக் காலுறையையோ பேண்டேஜையோ கழற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றையும் எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து வரும் அடுத்தவர் எதோடும் ஒப்பிட முடியாது. அசையாத படங்களை மட்டும் சேமிக்காமல், நாளத்தைத் தொடர்ந்து போன அந்தச் சில நொடி வீடியோவையும் சேமியுங்கள். நிறுத்திய படத்தில் அது வெறும் கறுப்புப் புள்ளிதான், யாருக்கும் எதையும் நிரூபிக்காது.